படம் இரண்டான கதை

வந்தாறுமூலை என்றதும் வெளியூரவர்க்குப் பல்கலைக்கழகமே நினைவுக்கு வரும். ஊரவராகிய எமக்கோ முதலில் நினைவில் எழுவன விஷ்ணு கோயிலும், வயல்வெளியும், அவ்வெளியைத் தடையின்றிக் கடந்துவரும் காற்றுமேயாம். வந்தவர்கள் இளைப்பாறிய மூலை, அதாவது வந்து ஆறிய மூலை என்பதே ஊர்ப்பெயரின் பொருளென்று பெரியோர் கூறுவர். வந்தவர்களுள் காற்றுமட்டும் இங்கு ஆறியிருந்ததாகத் தெரியவில்லை. ஆனி, ஆடியிற் கச்சான் வீசி உதட்டை வெடிக்கச் செய்யும்; மார்கழியில் வாடை வந்து கூரையை அசைத்துப் பார்க்கும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி நாம் பிறப்பதற்கு முன்னர் வந்துபோனது. எனினும் அன்னையார் சொல்லக் கேட்டுக் கேட்டு, அன்றிரவு தென்னைகள் முறிந்த ஓசை எமது காதிலும் தங்கிவிட்டது.

இத்தகைய ஊரிலே காற்றைப் பற்றி மாணவர் வினா எழுப்புவதில் வியப்பில்லை. அண்மையில் மன்னார்க் காற்றாலைகள் பற்றிய செய்தியொன்றை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், காற்றாடி சுற்றினால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் படம் ஆடும் என்கிறார்களே, அது உண்மையா? வெறும் கதையா?” என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. சிரித்து ஒருமுறை வெட்கமடைந்த அனுபவம் எமக்கு உண்டு. அதனையே அன்று பாடமாகச் சொன்னோம். வாசகர்களுக்கும் அதனைச் சொல்வதாற் பயனுண்டென்று நம்புகிறோம்.

எமது ஒழுங்கையின் கோடியிலே எமக்கு முறையில் மாமியாகிய மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். பிள்ளைகள் தூரதேசத்தில். மாலை விளக்கேற்றிய பின்னர் அவருக்குத் துணையென்று இருந்தது பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. டிஷ் அன்ரனா பூட்டி மாதந்தோறும் கட்டணம் செலுத்த அவருக்கு வசதியில்லை. கமுகமரக் கம்பத்தின் உச்சியில் தென்மேற்கு நோக்கிக் கட்டிய அன்ரனா ஒன்று, மலைநாட்டிலிருந்து வரும் அலைகளை வாங்கி அவருக்குச் செய்தியும் நாடகமும் தந்துகொண்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் அவர் எம்மை வழிமறித்து, “மனே, படத்தில ஒரு ஆள் ரெண்டு ஆளாத் தெரியிறாங்க. ஒருக்கா வந்து பாரன்” என்றார். அவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. நாம் சென்று பார்த்தோமா? இல்லை. “மாமி, இந்த வயதில் கண்ணிலே புரை விழுவது வழமைதான். வைத்தியரிடம் காட்டுங்கள்” என்று அறிவுரை கூறிவிட்டுச் சைக்கிளில் ஏறிச் சென்றோம். பெருமாட்டி எமது சொல்லை மதித்து, வேகாத வெயிலிலே பஸ் ஏறி மட்டக்களப்புக்குச் சென்று, பொழுதெல்லாம் காத்திருந்து கண்ணைக் காட்டி வந்தார். கண்ணிலே குறையேதும் இல்லையென்று சொல்லியனுப்பினார்கள். அதன் பின்னரே, இரண்டு மாதம் கழித்து, நாம் அவர் வீட்டுத் திண்ணையில் ஏறினோம். பெட்டியிலே செய்தி வாசித்த பெண்மணிக்கு வலப்புறத்தில், மங்கலாக, அவரே இன்னொருமுறை அமர்ந்திருந்தார்!

இந்த இரண்டாம் உருவத்தை ஆங்கிலேயர் பேய் என்றே பெயரிட்டழைத்தனர். பேயின் பிறப்பை அறிய மந்திரவாதி வேண்டியதில்லை. குடும்பிமலை அடிவாரத்தில் நின்று ஒருமுறை கூவினால் மலை அக்குரலைச் சற்றுப் பிந்தித் திருப்பித் தருமல்லவா? வானொலி அலையும் அவ்வாறே பெரிய கட்டடத்திலும் உலோகத் தகட்டிலும் பட்டுத் தெறிக்கும். நேரே வரும் அலை முதலிலே சேர்கிறது; தெறித்து வரும் அலை சுற்றுவழியால் வருவதாற் பிந்திச் சேர்கிறது. பழைய முறைத் தொலைக்காட்சியிலே படம் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக எழுதப்படுவது. ஆதலின் பிந்திவந்த அலை தன் உருவத்தைச் சற்று வலப்புறம் தள்ளி எழுதிவிடுகிறது.

மறுநாள் இதனை உயர்தர வகுப்பு மாணவர் இருவரிடம் கணக்காகவே கொடுத்தோம். அந்த முறையிலே ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை எழுத ஏறக்குறைய 52 மைக்ரோ வினாடி ஆகும். மாமியின் பெட்டித் திரையின் அகலம் 40 சதமமீற்றர். அவ்வாறாயின் ஒரு சதமமீற்றரை எழுத 1.3 மைக்ரோ வினாடி. பேயுருவம் அரைச் சதமமீற்றர் விலகி நின்றது. ஆகவே அலை பிந்திய நேரம் 0.65 மைக்ரோ வினாடி. வானொலி அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீற்றர் செல்லும். எனவே தெறித்த அலை 195 மீற்றர் கூடுதலாக நடந்து வந்திருக்கிறது. போய்த் திரும்பிய தூரம் அதுவாயின், தெறிக்கச் செய்த பொருள் வீட்டிலிருந்து நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் நிற்றல் வேண்டும்.

மாணவர் இருவரும் வீட்டின் பின்புறம் வடகிழக்கு நோக்கிக் காலடி எண்ணி நடந்தனர். நூற்று முப்பதாவது காலடியில் அவர்களுடைய மூக்கு ஒரு சுவரில் முட்டியது. அவ்வாண்டு புதிதாக எழும்பிய, உச்சிவரை தகடு போர்த்த உயர்ந்த கட்டடம் அது! இரண்டு மாதமாக ஊரார் எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பாராட்டிய கட்டடமே மாமியின் பெட்டிக்குள் பேயாகப் புகுந்திருந்தது.

மாமி அங்கும் முன்னரே போய்ச் சொல்லியிருக்கிறார். “டிஷ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் அம்மா” என்று இன்முகத்துடன் அனுப்பிவிட்டார்களாம். நாம் கண் வைத்தியரிடம் அனுப்பினோம். அவர்கள் கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியை வந்து பார்த்தவர் எவருமில்லை.

இனி மாணவன் கேட்ட காற்றாடிக்கு வருவோம். கட்டடம் அசையாதது, ஆதலின் அது தரும் பேயும் அசையாது நிற்கும். காற்றாடியின் சிறகோ ஓயாது சுழல்வது. ஒவ்வொரு சிறகும் குறித்த ஒரு நிலைக்கு வரும்போது அலையைத் தெறிக்கிறது. அந்நிலை கடந்ததும் விட்டுவிடுகிறது. மூன்று சிறகுள்ள காற்றாடி நிமிடத்துக்கு 12 முறை சுழல்வதாகக் கொண்டால், நிமிடத்துக்கு 36 தடவை, அதாவது ஒன்றரை வினாடிக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில், படம் மூச்சு வாங்குவதுபோல மங்கித் தெளியும். காற்றாடியானது வீட்டுக்கும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் நடுவே நின்றால் ஒளி துடிக்கும். பக்கத்திலோ பின்னாலோ நின்றால் பேயுருவம் தோன்றித் தோன்றி மறையும். மலைக்கு அப்பால் அல்லது கடலுக்கு அப்பால் இருந்து நலிந்த அலையை வாங்கும் ஊர்களிலேதான் இத்தொல்லை மிகும். அங்கே நேரலை மெலிந்திருப்பதால் தெறித்த அலையின் கை ஓங்கிவிடுகிறது.

இது வெறுங் கற்பனையன்று. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அமெரிக்க அரசு பெருங் காற்றாடிகளைச் சோதனைக்காக நிறுவத் தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திபக் சென்குப்தா, தோமஸ் சீனியர் என்னும் அறிஞர் இருவர், காற்றாடிச் சிறகுகள் தொலைக்காட்சி அலையை எவ்வாறு கலைக்கின்றன என்பதை அளந்து ஆராய்ந்தனர். எந்த இடத்தில் நிறுவினால் எந்த வீடுகள் பாதிக்கப்படும் என்று முன்கூட்டிக் கணிப்பதற்கான கைந்நூலையும் 1978இலே வெளியிட்டனர். தொல்லை வருமுன்னரே அதனை அளக்க முற்பட்ட அச்செயலை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அக்காலத்திலே றோட் ஐலண்ட் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள புளொக் தீவில் 200 கிலோவாற்று வலுவுள்ள காற்றாடி ஒன்று நாட்டப்பட்டது. அது 1979இல் இயங்கத் தொடங்கியது. தீவு மக்கள் தலைநிலத்திலிருந்து கடல் கடந்து வரும் நலிந்த அலையைக் கொண்டே தொலைக்காட்சி பார்த்து வந்தவர்கள். காற்றாடி சுழன்றால் அவர்களுடைய படம் கெடும் என்பது தெளிவாயிற்று. அரசு என்ன செய்தது? பொறுத்துக்கொள்ளுங்கள் என்றதா? இல்லை, தன் செலவிலே தீவுக்குக் கேபிள் தொலைக்காட்சி அமைத்துக் கொடுத்தது. அதே 1979இல் வட கரோலினாவின் பூன் நகருக்கு அருகே குன்றொன்றின்மீது, உருக்குச் சிறகுகளுடன் கூடிய 2 மெகாவாற்றுக் காற்றாடி எழுந்தது. அங்கே படம் கெட்டதோடு, சிறகு சுழலும்போது எழுந்த அடித்த ஒலியும் அயலாரை வருத்தியது. சில ஆண்டுகளுக்குள் அக்காற்றாடி கழற்றப்பட்டது. புளொக் தீவோ, 2016ஆம் ஆண்டில், அமெரிக்காவின் முதலாவது கடல்மேற் காற்றாலைக்கு அண்டை வீடாயிற்று. ஐந்து காற்றாடிகள் 30 மெகாவாற்றுத் தருகின்றன. முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்ட இடத்துக்கே காற்றாடி திரும்பவும் வந்தது என்பதை நாம் கவனித்தல் நன்று.

பின்னர் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இதனைத் தன் பணியாக எடுத்துக்கொண்டது. காற்றாடியால் தொலைக்காட்சி வாங்கலுக்கு ஏற்படும் பழுதைக் கணிக்கும் முறையை 1992இல் ஒரு பரிந்துரையாக வகுத்தது. பிரித்தானியாவிலே காற்றாலைக்கு அனுமதி வழங்கும்போது, அயல் வீடுகளின் படம் கெட்டால் நிறுவியவரே திருத்திக் கொடுத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை உள்ளூராட்சி மன்றங்கள் விதிப்பது வழக்கமாயிற்று.

எமது நாட்டின் நிலையையும் பார்ப்போம். இலங்கை மின்சார சபை 1999இல் அம்பாந்தோட்டையிலே 3 மெகாவாற்றுச் சோதனைக் காற்றாலையை நிறுவியது. 2010 முதல் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்திலும், 2014இல் கிளிநொச்சி மாவட்டத்துப் பளைப் பகுதியிலும் காற்றாடிகள் எழுந்தன. மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாடிகளுடன் 103.5 மெகாவாற்றுக் காற்றாலை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால், ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாடிக் காட்டை நாகர்கோவிலுக்குச் சென்றுவந்தோர் பலரும் கண்டிருப்பர். தமிழ்நாட்டின் காற்றாலைகளுடைய மொத்த வலு பத்தாயிரம் மெகாவாற்றைக் கடந்துவிட்டது.

காற்றாடி வேண்டாம் என்பது எமது கட்சியன்று. நுரைச்சோலையிலே நிலக்கரி எரித்து 900 மெகாவாற்றுப் பெறுகிறோம். நிலக்கரியைக் கப்பலிற் கொணர வேண்டும். புகையையும் சாம்பலையும் அயலார் தாங்க வேண்டும். காற்றுக்கோ கப்பற் கூலியில்லை, சாம்பலுமில்லை. அது நல்ல பொருளே. ஆயினும் நல்ல பொருளும் எவரோ ஒருவருடைய முற்றத்திலேதான் நாட்டப்படுகிறது. விளக்கு எரிவது கொழும்பிலும் கண்டியிலும்; தூண் நிற்பது கரையோரக் கிராமத்தில். 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாடிகளுக்கு எதிராக வீதிக்கு வந்தபோது அவர்கள் கூறியவை, வெள்ளம் வடியும் வழி, கரையோர மீன்பிடி, வலசை வரும் பறவைகள் என்பன. அவற்றோடு ஒப்பிடுகையில் தொலைக்காட்சிப் படம் மிகச் சிறிய பொருள்தான். எனினும் சிறியதைக் கேட்டுப் பழகாத செவி பெரியதையும் கேளாது என்பதே எமது அச்சம்.

“இக்காலத்தில் யார் சேர் அன்ரனாவில் படம் பார்க்கிறார்கள்? கையிலே போன் இருக்கிறதே” என்றாள் ஒரு மாணவி. உண்மைதான். வானை நோக்கி நிற்கும் டிஷ் அன்ரனாவைக் காற்றாடி பெரும்பாலும் தீண்டாது. கேபிளுக்கும் தொல்லையில்லை. ஆனால் இவை யாவும் மாதாந்தம் காசு கேட்பவை. கம்பத்து அன்ரனா ஒன்றே கூலி கேளாத ஊழியன். ஆதலின் அதனை நம்பியிருப்போர் முதியோரும் வறியோருமே. 2020இலே நோய்த்தொற்றுக் காரணமாகப் பள்ளிகள் பூட்டப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சி வழியாக வந்தன. இணைய வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியே பள்ளிக்கூடமாயிற்று. அப்பெட்டியிலே படம் கெட்டிருந்தால் அப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே கெட்டிருக்கும்.

எண்முறை ஒளிபரப்பு வந்தால் பேய் ஒழியுமா என்று கேட்கலாம். ஒழியும். அம்முறை, பிந்திவரும் தெறித்த அலையை ஓரளவு பொறுத்துக்கொள்ளவல்லது. எமது நாடு 2014இலே யப்பானிய எண்முறையைத் தெரிந்தெடுத்தது. ஆயினும் அம்மாற்றம் ஆண்டுக்காண்டு இழுபட்டே வந்தது. மேலும் எண்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. பழைய முறையிற் படம் மெல்ல மெல்லக் கெடும். கெட்டாலும் ஒருவாறு பார்க்கலாம். எண்முறையிலோ எல்லைவரை தெளிவாக நின்று, எல்லை கடந்ததும் கட்டங் கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். நலிந்த அலையுள்ள இடத்திலே காற்றாடி அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடவும் கூடும். ஆதலின் அளந்து பார்க்கும் கடமை எந்த முறையிலும் தீர்வதில்லை.

மாமியின் பேய் என்னவாயிற்று என்று வாசகர் கேட்பீர்கள். மாணவர் கம்பத்தை இறக்கி அன்ரனாவை ஆராய்ந்தனர். எமது வீட்டுக் கூரைகளிலே மீன்முள் போல நிற்கும் இந்த அன்ரனாவை 1926ஆம் ஆண்டளவில் யப்பானிலே செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் ஊடா, யாகி என்னும் இருவர். தாய்நாட்டார் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1942இலே சிங்கப்பூரைப் பிடித்த யப்பானியப் படையினர் பிரித்தானியரின் குறிப்பேடொன்றில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு, அது என்னவென்று போர்க்கைதியிடம் கேட்டனராம். அது உங்கள் நாட்டு அறிஞரின் பெயரல்லவா என்று அவர் விடையிறுத்தார் என்பர். வீட்டிலுள்ளார் சொல்லை வீட்டார் கேளாமை எங்கும் உள்ளதுதான்!

அந்த மீன்முள்ளின் பின்புறத்தில் மற்றெல்லாவற்றிலும் நீண்ட கம்பியொன்று இருக்கும். பின்னாலிருந்து வரும் அலையை மறித்துத் தள்ளுவது அதன் வேலை. மாமியின் அன்ரனாவிலே அக்கம்பி உப்புக்காற்றில் அரித்து முறிந்து போயிருந்தது. முதுகு காவலின்றி நின்ற அன்ரனாவுக்குப் புதுக் கட்டடம் பின்னாலிருந்து பேயை அனுப்பிக்கொண்டிருந்தது. மாணவர் ஓர் அலுமினியக் கம்பியை அளந்து வெட்டிப் பூட்டி, கம்பத்தை நிமிர்த்தி, சற்றே திருப்பிக் கட்டினர். ஒரு அலைவரிசையிற் பேய் முற்றாக மறைந்தது. இன்னொன்றிலே மங்கலாக எஞ்சி நின்றது. கம்பியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. ஆனால் அக்கம்பியை எங்கே பூட்டுவது என்று அறிவதற்கு யாராவது ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

நாட்டிலே காற்றாடிகள் இன்னும் பல எழும், எழவும் வேண்டும். நாட்டுவோர் முதலில் அயல் வீடுகளில் ஏறி, இன்று படம் எப்படியிருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளட்டும். எங்கே தூண் நின்றால் எந்த வீடு நிழலிற் படும் என்று கணித்துச் சொல்லட்டும். கெட்டால் திருத்தும் செலவு, மின்னை விற்று இலாபம் பெறுவோருடையது; விளக்கொளியின்கீழ் இருப்போருடையதன்று. நல்ல அன்ரனாவோ, சிறு மறு ஒலிபரப்புக் கருவியோ, டிஷ்ஷோ, எது பொருந்துமோ அதனைக் கொடுக்கட்டும். கோடிக்கணக்கிற் செலவிடுவோர்க்கு இது பாரமாகாது. முறையிட வருபவரை வயதானவர் என்றும் அறியாதவர் என்றும் திருப்பி அனுப்பாதிருத்தல் இவையெல்லாவற்றிலும் முதன்மையானது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை பொறியியலாளராகவும் அதிகாரிகளாகவும் மேசைக்குப் பின்னால் அமர்வீர்கள். எவராவது வந்து எனக்குப் படம் இரண்டாகத் தெரிகிறது என்றால், அவருடைய கண்ணைச் சோதிப்பதற்கு முன்னர் பெட்டியைப் போய்ப் பாருங்கள். நாம் இதனை நாற்பது வயதுக்குப் பின்னரே கற்றோம்.

அன்று கம்பத்தை நிமிர்த்தியபின் மாமி எமக்கும் மாணவர்க்கும் தேநீர் தந்தார். எம்மீது அவர் சினங்கொள்ளவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சிரித்து, “எண்ட கண்ணில பிழையில்லை எண்டு இப்பயாவது விளங்கினதா மனே?” என்று மட்டும் கேட்டார். விடை கூற எமக்கு வாய் வரவில்லை. தேநீர் சுட்டது என்று பாவனை செய்தோம்.